மாவுக்கட்டும் லண்டன் கோர்ட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படிங்க.

நேத்து காலைல ஓபி. வத்தலகுண்டு பக்கத்துல இருந்து வர்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருத்தர். இருபது வருஷ சுகர், பத்து வருஷ பழக்கம். பிரஷர் பார்க்க கையை நீட்டிக்கிட்டே கேட்டார்.

"டாக்டர், அந்த ராணாவை எதுக்கு இன்னும் உட்கார வச்சு சோறு போட்டுட்டு இருக்காங்க? ஃப்ளைட்டை விட்டு இறங்கின அன்னிக்கே முடிச்சிருக்கணும். உங்க ஆளுதான் அவன், டாக்டராமே!"

வெளியே காத்திருந்தவங்கள்ல ரெண்டு பேர் சிரிச்சாங்க. பேகம்பூர்ல பூட்டுப் பட்டறையில வேலை பார்க்குற என் வீஸிங் பேஷன்ட் ஒருத்தர் மட்டும் தரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

சார்க்கு அங்கேயே பதில் சொல்ல நேரமில்லை, 40 பேர் டோக்கன் வாங்கிட்டு நிக்கிறாங்க. அதனால இங்க சொல்றேன்.

ஆமா, தஹாவூர் ராணா டாக்டர்தான். பாகிஸ்தான் ராணுவ மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தவர். அப்புறம் கனடா குடிமகன். சிகாகோவில் குடியேற்ற ஆலோசனைக் கம்பெனி நடத்தினார். அந்தக் கம்பெனிப் பேரைச் சொல்லித்தான் அவருடைய பள்ளிக்கூட நண்பர் டேவிட் ஹெட்லி மும்பைக்கு வந்து தங்கி, தாஜ் ஹோட்டலையும் மற்ற இடங்களையும் வேவு பார்த்தார். 2008 நவம்பர் 26-ல் என்ன நடந்ததுன்னு நான் சொல்ல வேண்டாம். 166 உயிர்.

(நான் "அவர்"னு எழுதுறது சிலருக்கு எரிச்சலா இருக்கும். வர்ற பேஷன்ட் யாரா இருந்தாலும் "வாங்க, உட்காருங்க"ன்னு சொல்லியே பழகிட்டேன். மரியாதைன்னு எடுத்துக்காதீங்க, பழக்கதோஷம்.)

இந்த ஆளை இந்தியாவுக்குக் கொண்டு வர எவ்வளவு பாடுன்னு தெரிஞ்சாத்தான் சார் கேட்ட கேள்வியோட ஆபத்து புரியும்.

2009 அக்டோபரில் சிகாகோவில் கைது. 2011-ல் அங்கே ஜூரி விசாரணை. டென்மார்க் பத்திரிகை அலுவலகத்தைத் தாக்கப் போட்ட சதிக்கும், லஷ்கருக்கு உதவினதுக்கும் குற்றவாளின்னு தீர்ப்பு. ஆனா மும்பைத் தாக்குதல் சதிக்கு உதவினார்ங்கற குற்றச்சாட்டில் விடுதலை. ஆமா, நல்லா கவனிங்க: மும்பை விஷயத்துல ஒரு அமெரிக்க ஜூரி இவரை ஏற்கெனவே விடுவிச்சிருக்கு. 14 வருஷத் தண்டனை மற்ற ரெண்டுக்கும்தான். 2020 ஜூனில் உடல்நிலையைக் காரணம் காட்டி வெளியே விட்டாங்க. இந்தியா கேட்டதால உடனே மறுபடி பிடிச்சாங்க.

அதுக்கப்புறம் கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் கோர்ட் கோர்ட்டா ஏறினார். 2023 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம் அனுப்பலாம்னு சொல்லுச்சு. 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொல்லுச்சு. 2025 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுச்சு. "ஒரே குற்றத்துக்கு ரெண்டு தடவை விசாரிக்கக் கூடாது"ங்கறதுதான் அவர் தரப்பின் முக்கிய வாதம். 1997-ல் இந்தியாவும் அமெரிக்காவும் போட்ட ஒப்பந்தத்தை வரி வரியாப் படிச்சு, அமெரிக்காவில் விசாரிச்ச குற்றமும் இந்தியா சுமத்துற குற்றங்களும் சட்டப்படி வேற வேறன்னு நீதிபதிகள் முடிவு பண்ணினாங்க. 2025 ஏப்ரல் 10-ம் தேதி டெல்லியில் இறக்கினாங்க.

கடைசி நேரத்துல அவர் வக்கீல்கள் போட்ட மனு இருக்கே, அதை ஒரு டாக்டரா ரசிச்சுப் படிச்சேன். வயிற்றுப் பெருந்தமனியில் 3.5 சென்டிமீட்டர் வீக்கம், எந்த நேரமும் வெடிக்கலாம், பார்க்கின்சன் நோய், சிறுநீரகம் மூணாம் கட்டம், சிறுநீர்ப்பையில் புற்றுநோய் சந்தேகம். 3.5 வீக்கத்துக்கு நாங்க ஸ்கேன் எடுத்துட்டு "அடுத்த வருஷம் வாங்க"ன்னு அனுப்புவோம் சார். ஆண்களுக்கு 5.5-ஐத் தொட்டாத்தான் பொதுவா ஆபரேஷன் பேச்சே வரும். ஆக, அந்தப் பக்கம் மிரட்டல்தான்.

ஆனா அதே மனுவில் இன்னொரு பக்கம் இருந்துச்சு. அது மிரட்டல் இல்ல. "இந்தியாவுக்கு அனுப்பினால் சித்திரவதை செய்வார்கள். இதோ பாருங்கள், லண்டன் உயர் நீதிமன்றமே சஞ்சய் பண்டாரியை அனுப்ப மறுத்திருக்கிறது." 2025 பிப்ரவரி கடைசியில் வந்த தீர்ப்பு அது. ஆயுத பேரத் தரகர்னு சொல்லப்படுற, வரி ஏய்ப்பும் பணமோசடியும் சுமத்தப்பட்ட பண்டாரியை திகார் சிறைக்கு அனுப்பினா மிரட்டலும் வன்முறையும் நடக்கும் ஆபத்து நிஜமா இருக்குன்னு லண்டன் நீதிபதிகள் எழுதிட்டாங்க. அந்தத் தீர்ப்பின் மை காயறதுக்குள்ள ராணாவின் வக்கீல் அதை அமெரிக்காவுல தூக்கிட்டு ஓடுறார்.

ராணா விஷயத்துல அது பலிக்கல. பண்டாரி லண்டன்ல இருக்கார்.

இன்னும் பழைய கதை ஒண்ணு இருக்கு. 1995 டிசம்பர் 17 ராத்திரி மேற்கு வங்காளம் புருலியாவில் ஒரு விமானம் தாழப் பறந்து துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் பாராசூட்டில் கொட்டிட்டுப் போச்சு. காலைல வயல்ல ஏகே ரகத் துப்பாக்கிகள் கிடந்துச்சு. விமானத்துல இருந்த மத்தவங்க மும்பையில மாட்டிக்கிட்டாங்க. கிம் டேவிங்கற டென்மார்க்காரர் மட்டும் விமான நிலையத்துல இருந்தே நழுவிட்டார். நிஜப் பேர் நீல்ஸ் ஹோல்க். சொந்த ஊர்ல போய் உட்கார்ந்து, ஆமா நான்தான் போட்டேன்னு ஊரறியச் சொன்னார்! டென்மார்க் அரசாங்கமே 2010-ல் அனுப்ப ஒத்துக்கிச்சு. கோர்ட் தடுத்துச்சு. 2011-ல் அங்கே உயர் நீதிமன்றமும் தடுத்துச்சு. 2024 ஆகஸ்டில் மறுபடி முயற்சி பண்ணினோம், மறுபடியும் முடியாதுன்னுட்டாங்க. காரணம் ஒண்ணே ஒண்ணுதான்: இந்தியாவுல அடிப்பாங்க.

கிட்டத்தட்ட முப்பது வருஷம் சார். ஆயுதம் கொட்டினவன்னு சந்தேகமே இல்லாத ஆளை நம்ம கோர்ட் கூண்டுல ஏத்த முடியல. அவனைக் காப்பாத்தினது பாகிஸ்தானும் இல்ல, மனித உரிமைக்காரங்களும் இல்ல. நம்ம லாக்கப்புகளின் பேர்தான் காப்பாத்துச்சு.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்துல 1997-லேயே கையெழுத்துப் போட்ட நாடு நாம. இன்னிக்கு வரைக்கும் அதை உறுதி செஞ்சு சட்டமாக்கல. வெளிநாட்டுக் கோர்ட்டுல எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல எடுத்து வைக்கிற காகிதங்கள்ல இது ஒண்ணு.

இப்போ மாவுக்கட்டுக்கு வர்றேன்.

உங்க எல்லார் போனுக்கும் வந்திருக்கும். கையில மாவுக்கட்டோட ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். கீழே "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்"னு எழுதி ரெண்டு சிரிக்கிற பொம்மை. நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்லயும் வருது, என் காலேஜ் பேட்ச் குரூப்லயும் வருது. எலும்பு டாக்டர்களே சிரிக்கிறாங்க. தமிழ்நாட்டுல ஸ்டேஷன் பாத்ரூம் மட்டும்தான் வழுக்கும், அதுவும் கைதிக்கு மட்டும்தான் வழுக்கும். சென்னை உயர் நீதிமன்றமே ஒரு தடவை கேட்டுச்சு, அந்தக் கழிவறைகளில் போலீஸ்காரங்க யாரும் வழுக்கி விழறதில்லையான்னு.

சிரிச்சுட்டு ஃபார்வர்டு பண்றோம். அந்த சிரிப்புக்கு என்ன விலைன்னு யோசிச்சோமா? சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் அப்பாவும் மகனும். மடப்புரத்தில் 2025 ஜூனில் கோயில் காவலாளி அஜித்குமார், நகை காணோம்ங்கற புகாருக்கு. உடம்புல 44 காயம். இவங்க யாரும் தீவிரவாதி இல்ல. ஆனா அடிக்கிற கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. லண்டன்லயும் கோபன்ஹேகன்லயும் உட்கார்ந்திருக்கிற வக்கீல் இதையெல்லாம் ஒவ்வொண்ணா வெட்டி ஒட்டி ஃபைல் பண்றான்.

இதுல என் பங்கும் இருக்கு. அதைச் சொல்லாம இந்தப் பதிவை எழுத எனக்கு யோக்கியதை இல்ல.

பல வருஷத்துக்கு முன்னாடி. ஒரு அரசு மருத்துவமனையில் நைட் டூட்டி. ராத்திரி ரெண்டு மணி இருக்கும். ஒரு எஸ்.ஐ., ரெண்டு போலீஸ், நடுவுல இருபது வயசுப் பையன். "சார், ரிமாண்ட். ஃபிட்னஸ் மட்டும் போட்டுக் குடுத்துருங்க, மாஜிஸ்திரேட் வீட்டுக்குப் போகணும்." அந்தப் பையன் கேஷுவாலிட்டி வாசல்ல இருந்து மேசைக்கு வந்த பத்தடியும் குதிகால் தரையில படாம நடந்து வந்தான். உள்ளங்கால்ல அடிச்சா அப்படித்தான் நடப்பாங்க. எம்.பி.பி.எஸ். படிச்ச யாருக்கும் தெரியும். அடிச்சு எத்தனை நாள் ஆச்சுன்னு கன்றின நிறத்தை வச்சே சொல்ற பாடத்துல நான் நல்ல மார்க் வாங்கினவன்.

"ஏதாவது வலி இருக்கா தம்பி?"ன்னு கேட்டேன். எஸ்.ஐ. பக்கத்துலயே நின்னார். அவன் அவரைப் பார்த்தான். "இல்லை சார்."

நான் சட்டையைக் கழட்டச் சொல்லல. காலைத் தூக்கிக் காட்டச் சொல்லல. போலீஸை வெளியே நிக்கச் சொல்லல. "வெளிக்காயம் எதுவும் இல்லை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த பெட்ல பாம்புக்கடி கேஸ் இருந்துச்சு, அதைப் பார்க்க ஓடினேன். அதுதான் எனக்கு நானே சொல்லிக்கிட்ட சாக்கு. அவன் திருடனா, நிரபராதியான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கறது என் வேலையும் இல்ல. என் வேலை அவன் காலைப் பார்க்கறது. அதைச் செய்யல.

கைது பண்ணின ஆளை டாக்டர் பரிசோதிக்கணும், காயம் இருந்தா எப்போ பட்டிருக்கும்னு எழுதணும், நகலை அவன் கையிலயோ அவன் சொல்ற ஆள் கையிலயோ கொடுக்கணும். இது சலுகை இல்ல, சட்டம். முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல இருந்துச்சு, இப்போ நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 53-வது பிரிவு. காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை பரிசோதனைன்னு டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லியாச்சு. ராணா விஷயத்துல டெல்லி நீதிமன்றம் இன்னும் கறாரா இருந்துச்சு: என்.ஐ.ஏ. காவலில் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வக்கீலைப் பார்க்கலாம். சட்டப்பணிகள் ஆணையம் மூலமா வக்கீலும் கொடுத்தாங்க.

"அவனுக்கு இது ஒரு கேடா?"ன்னு கேட்பீங்க. அவனுக்காக இல்ல சார். அடுத்து நாம ஒருத்தனைக் கேட்கும்போது எதிராளி வக்கீல் "சித்திரவதை"ன்னு ஆரம்பிச்சா, நம்ம வக்கீல் எடுத்துக் காட்ட ஒரு காகிதம் வேணும். அந்தக் காகிதம் இதுதான்.

அடிச்சா உண்மை வந்துரும்னு நம்புறவங்களுக்கு மும்பை ரயில் குண்டுவெடிப்பைச் சொல்றேன். 2006 ஜூலை 11. சாயங்காலம் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போன கூட்டம். ஏழு குண்டு, 180-க்கும் மேல் சாவு. 2015-ல் 12 பேருக்குத் தண்டனை, அதுல அஞ்சு தூக்கு. நாமளும் டிவி முன்னாடி கை தட்டினோம். 2025 ஜூலை 21-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுதலை பண்ணிருச்சு. ஒப்புதல் வாக்குமூலங்களை நம்ப முடியாது, அடிச்சு வாங்கினதாகத் தெரியுதுன்னு எழுதினாங்க. எதை வச்சுத் தெரியுமா? மத்த காரணங்களோட கே.இ.எம்., பாபா ஆஸ்பத்திரிகளின் மருத்துவக் குறிப்புகளையும் வச்சு. அங்கே யாரோ ஒரு டூட்டி டாக்டர் நான் எழுதாததை எழுதியிருக்கார்.

அரசு உச்ச நீதிமன்றம் போயிருக்கு. தீர்ப்பை முன்னுதாரணமா எடுத்துக்கக் கூடாதுன்னு நிறுத்தி வச்சிருக்காங்க, ஆனா வெளியே வந்தவங்க திரும்பச் சிறைக்குப் போகத் தேவையில்லைன்னும் சொல்லிட்டாங்க. ஆக 19 வருஷம் கழிச்சு, அந்த ரயில்ல புருஷனையும் பிள்ளையையும் பறிகொடுத்தவங்க கையில என்ன இருக்கு? குண்டு வச்சது யாருன்னு ஒரு பதில் கூட இல்ல. இந்த 12 பேர் வைக்கலைன்னா வச்சவன் 19 வருஷமா வெளியே சுத்திட்டு இருக்கான். இவங்கதான் வச்சாங்கன்னா, அதை நிரூபிக்கிற வழியை அடிச்சவங்களே அடைச்சுட்டாங்க. எப்படிப் பார்த்தாலும் தோத்தது செத்தவங்க வீடு.

கசாப் வழக்கைப் பாருங்க, அது வேற மாதிரி. துப்பாக்கியோட கேமராவில் பதிவானவன். தன் உடம்புல குண்டுகளை வாங்கிக்கிட்டு அவன் துப்பாக்கியைப் பிடிச்சுத் தொங்கின துக்காராம் ஓம்ப்ளே இல்லைன்னா அவனும் பிணமாத்தான் கிடைச்சிருப்பான். பிணம் பேசாது. உயிரோட கிடைச்சதாலதான் எந்த ஊர், யார் பயிற்சி கொடுத்தா, எந்தப் படகுங்கற கணக்கு உலகத்துக்குத் தெரிஞ்சுச்சு. முதல்ல வைத்தியம் பார்த்தது நாயர் ஆஸ்பத்திரி டாக்டர்கள். அவங்களுக்குக் கை நடுங்கியிருக்காதா? பார்த்தாங்க.

அப்புறம் காமா ஆஸ்பத்திரி நர்ஸ் அஞ்சலி குல்தே. அன்னிக்கு ராத்திரி 20 கர்ப்பிணிகளைச் சின்ன அறைக்குள்ள ஒதுக்கி, விளக்கை அணைச்சுக் காப்பாத்தினவங்க. அதுல ஒருத்தருக்கு வலி வந்துருச்சு. சுவரோடு சுவரா அணைச்சுப் பிடிச்சு மாடிப்படி ஏத்திப் பிரசவ வார்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அதே அஞ்சலி பின்னாடி போய்க் கசாப் முகத்துக்கு நேரா நின்னு, "இவன்தான்"னு அடையாளம் காட்டினாங்க. கால்ல குண்டு வாங்கின தேவிகாங்கற சின்னப் பொண்ணு ஊன்றுகோலோட வந்து நீதிமன்றத்துல விரலை நீட்டினா. ஃப்ளைட்டடியிலயே முடிச்சிருந்தா இந்த ரெண்டு பேருக்கும் அந்த விரலை நீட்டுற வாய்ப்பு எங்கே கிடைச்சிருக்கும்?

அதே தீர்ப்புல இன்னொண்ணும் நடந்துச்சு. ஃபஹிம் அன்சாரி, சபாவுதீன் அகமதுன்னு ரெண்டு இந்தியர்கள் விடுதலை. அவங்க வரைஞ்சு கொடுத்த வரைபடம் செத்த தீவிரவாதியின் பேன்ட் பாக்கெட்டில் இருந்துச்சுன்னு போலீஸ் சொல்லுச்சு. பேன்ட் முழுக்க ரத்தம், காகிதத்தில் ஒரு சொட்டுக் கறை இல்ல, கசங்கக்கூட இல்ல. நீதிபதி நம்பல. உச்ச நீதிமன்றம் வரைக்கும் அந்த விடுதலை நின்னுச்சு. இந்த ரெண்டு பேரை விட்ட கோர்ட்டுங்கறதாலதான் கசாபுக்குக் கொடுத்த தண்டனையை உலகத்துல யாரும் நாடகம்னு சொல்ல முடியல.

பிரியாணிக் கதையையும் முடிச்சுடறேன், எப்படியும் கமெண்ட்ல வரும். "கசாபுக்கு ஜெயில்ல பிரியாணி போட்டாங்க." அரசுத் தரப்பு வக்கீல் உஜ்வல் நிகாமே 2015-ல் ஜெய்ப்பூரில் ஒத்துக்கிட்டார்: கசாப் பிரியாணி கேட்கவும் இல்ல, யாரும் கொடுக்கவும் இல்ல, அவன் மேல பரிதாபம் வந்துடக் கூடாதுன்னு தான் கட்டிவிட்டது. சீரகச் சம்பா வேகுற வாசத்துல வளர்ந்த ஊர்க்காரன் சொல்றேன், அந்தப் பிரியாணி எந்த அடுப்புலயும் வேகல.

சரி, "உங்க ஆளு டாக்டர்"னு சார் சொன்னாரே, இன்னொரு டாக்டரையும் சொல்லணும். முகமது ஹனீஃப். பெங்களூர்ல இருந்து போய் ஆஸ்திரேலியாவில் கோல்ட் கோஸ்ட் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், 27 வயசு. 2007 ஜூலை 2-ம் தேதி பிறந்த குழந்தையைப் பார்க்க ஊருக்குக் கிளம்பினவரை பிரிஸ்பேன் விமான நிலையத்தில் பிடிச்சாங்க. குற்றச்சாட்டே இல்லாம 12 நாள் காவல். அப்புறம் ஒரு குற்றச்சாட்டு: உறவுக்காரருக்குக் கொடுத்த சிம் கார்டு கிளாஸ்கோவில் எரிஞ்ச ஜீப்பில் கிடைச்சுச்சு. பார்த்தா அது ஜீப்பிலேயே இல்ல, லிவர்பூலில் இருந்துச்சு. கோர்ட் ஜாமீன் கொடுத்த அன்னிக்கே அமைச்சர் விசாவைப் பிடுங்கினார். மாசக் கடைசியில வழக்கு காத்தோட போச்சு, அவர் பெங்களூர் வந்தார். 2010-ல் ஆஸ்திரேலிய அரசு நஷ்டஈடு கொடுத்துச்சு.

அந்த ஜூலையில நாம எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டோம்: "ஆதாரம் எங்கே?" ஹாஸ்டல் மெஸ்ல சாப்பாட்டை விட்டுட்டு டிவி முன்னாடி நின்னோம். வெளிநாடு போகப் பரீட்சைக்குப் படிச்சுட்டு இருந்த ஒவ்வொருத்தனுக்கும் அடிவயிறு கலங்குச்சு. அன்னிக்கு ஹனீஃபுக்குக் கேட்ட கேள்வியை ராணாவுக்கும் கேட்கணும். ஹனீஃபுக்குப் பதில் "ஆதாரம் இல்லை". ராணாவுக்குப் பதில் "இதோ இருக்கு"ன்னு வரும்னுதான் நானும் எதிர்பார்க்கறேன். ஆனா அதை என்.ஐ.ஏ. நீதிமன்றத்துல காட்டணும், நம்ம ஊர் டீக்கடையில இல்ல. ஒரு ஜூரி ஏற்கெனவே இல்லைன்னு சொன்ன விஷயம், அதனால காட்டுறது இன்னும் கெட்டியா இருக்கணும். 2025 ஜூலையில் கூடுதல் குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்கு.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன். தாமதம். கோவை குண்டுவெடிப்பு 1998 பிப்ரவரி 14, 58 பேர் சாவு. தீர்ப்பு வந்தது 2007 ஆகஸ்ட். மதானி ஒன்பது வருஷத்துக்கு மேல விசாரணைக் கைதியா இருந்து விடுதலையானார். செத்தவங்க குடும்பமும் ஒன்பது வருஷம் காத்திருந்துச்சு. இதுக்கு சார் கோபப்பட்டா நான் அவர் பக்கம்தான். நீதிபதியைப் போடு, தினமும் நடத்து, வாய்தா கொடுக்காதேன்னு கேட்போம். அதைக் கேட்டு ஒரு ஃபார்வர்டு கூட எனக்கு வந்ததில்லை.

இன்னொரு கோபமும் மிச்சம் இருக்கு. வேவு பார்த்த ஹெட்லி அமெரிக்காவோட ஒப்பந்தம் போட்டு 35 வருஷத்தோட தப்பிச்சுட்டார், இந்தியாவுக்கு அனுப்ப மாட்டோம்னும் வாக்கு வாங்கிட்டார். 2016-ல் வீடியோவில் வந்து சாட்சி சொன்னதோட சரி. அதைப் பத்தி யாரும் மாவுக்கட்டு மீம் போடறதில்லை.

அரசு மருத்துவமனையில நைட் டூட்டி பார்க்குற தம்பி தங்கச்சிங்க இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். ரிமாண்ட் கேஸ் வந்தா போலீஸை வாசலுக்கு வெளியே நிக்கச் சொல்லுங்க. முறைப்பாங்க, பரவாயில்லை. சட்டையைக் கழட்டச் சொல்லுங்க. உள்ளங்காலைப் பாருங்க. பார்த்ததை எழுதுங்க, நேரத்தையும் எழுதுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

தலைமையாசிரியர் சார் அடுத்த மாசம் ரிவ்யூவுக்கு வருவார். இதைப் படிச்சுட்டுத்தான் வருவார், அவர் மகள் என் பதிவுகளைக் காட்டுவாங்க. சண்டைக்கு ரெடி சார். வெறும் வயித்துல வாங்க, சுகரையும் பார்த்துடலாம்.

கமெண்ட்ல கேள்வி கேட்கறவங்களுக்கு ராத்திரி ஓபி முடிஞ்சு பதில் சொல்றேன்.